வடசென்னையின் பழைய பேருந்துத் தரவுகளும் கியூஜிஐஎஸ் மென்பொருளும்: ஒரு பயனர் மதிப்புரை

பழைய பேருந்து நேர அட்டவணைப் புத்தகங்கள், டிரிப் ஷீட் (பேருந்தின் ஒவ்வொரு ஓட்டத்தையும் பதியும் தாள்) நகல்கள், சாலைச் சந்திப்புகளில் எடுத்த வாகனக் கணக்கெடுப்புத் தாள்கள், பேருந்துகளின் ஜிபிஎஸ் பதிவுகள் ஆகியவற்றை வரைபடத்தில் ஏற்றி, வடசென்னையின் போக்குவரத்து எவ்வாறு மாறி வந்திருக்கிறது என்பதை ஆராயும் பணியில் தண்டையார்பேட்டையைச் சேர்ந்த எங்கள் சிறு குழு ஈடுபட்டுள்ளது. அதற்கு நாங்கள் நம்பியிருக்கும் கருவி கியூஜிஐஎஸ் என்னும் இலவசப் புவியியல் தகவல் அமைப்பு (ஜிஐஎஸ்) மென்பொருள். இந்த மதிப்புரை அதன் எல்லா வசதிகளையும் பற்றியதன்று. காப்பகத் தரவு, அதிலும் போக்குவரத்துத் தரவு என்னும் ஒரே வேலைக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே கையை விரிக்கிறது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

மென்பொருளின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2002ஆம் ஆண்டு கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கிய இத்திட்டம் முதலில் குவாண்டம் ஜிஐஎஸ் என்று அழைக்கப்பட்டது. முதல் முழுப் பதிப்பு 2009இலும், இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் மூன்றாம் வரிசை 2018இலும் வெளிவந்தன. மூலநிரல் திறந்தது, கட்டணம் கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வந்தாலும், நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று தனியாக ஒன்றை வைத்திருக்கிறார்கள். காப்பக வேலை செய்பவர்கள் அதையே எடுத்துக்கொள்வது நல்லது. பாதி வேலையில் மெனு இடம் மாறினால் குழுவில் உள்ள எல்லோருக்கும் சிரமம். நாங்கள் 3.34ஐ எட்டு ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினியில் வைத்திருக்கிறோம். இங்கே குறிப்பிடும் எந்த வேலைக்கும் அது போதுமானதாகவே இருந்தது.

முதல் வேலை, பழைய தாள் வரைபடத்தை இன்றைய நிலத்தின் மேல் பொருத்துவது. சென்னையில் மின்சார டிராம் 1895இல் ஓடத் தொடங்கி 1953இல் நிறுத்தப்பட்டது. டிராம் தடம் காட்டும் பழைய நகர வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்து, ஜியோரெஃபரன்ஸர் என்னும் பகுதியில் திறந்து, வரைபடத்தில் ஓர் இடத்தையும் இன்றைய நிலத்தில் அதே இடத்தையும் மாறி மாறிச் சுட்டிக்கொண்டே போனால், மென்பொருள் படத்தை இழுத்துத் திருப்பிப் பொருத்திவிடும். எந்த இடங்களைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக எடுப்பது என்பதில்தான் உள்ளூர் அறிவு தேவைப்படுகிறது. பார்த்தவுடன் எல்லோருடைய கையும் கடற்கரைக்கே போகும், ஏனென்றால் எந்த வரைபடத்திலும் தெளிவாகத் தெரியும் கோடு அதுதான். ஆனால் வடசென்னையில் கடற்கரையை ஒருபோதும் நம்பக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் தடுக்கப்பட்டு மெரினாப் பக்கம் கரை அகலமாகிக்கொண்டே வந்தது. துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் நிலத்தை அரித்துக்கொண்டே வந்தது. பழைய வரைபடத்தின் கரைக்கோட்டை இன்றைய கருங்கல் கொட்டிய கரையோடு பொருத்தினால், முழு ஊரும் கிழக்கு மேற்காக இழுபட்டுப் போகும், டிராம் தடம் வீடுகளுக்குள் ஓடும்.

மாறாத கட்டடங்களே புள்ளிகளாக வேண்டும். 1856இல் திறக்கப்பட்டு இன்றும் நிற்கும் ராயபுரம் ரயில் நிலையக் கட்டடம், திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் கோபுரம், ராயபுரம் இராயப்பர் தேவாலயம், தங்கசாலை முனை, கோட்டைக் கொடிமரம் ஆகியவை எங்களுக்குக் கைகொடுத்தன. புள்ளிகள் ஒரே மூலையில் குவியாமல் படத்தின் நான்கு ஓரங்களிலும் பரவியிருக்க வேண்டும் என்பதால் தெற்கே கோட்டை வரை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் எஞ்சிய பிழை எவ்வளவு என்பதை மென்பொருள் அட்டவணையாகக் கீழே காட்டுகிறது. பிழை அதிகமான புள்ளியைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு மீண்டும் பார்க்கலாம். இந்த அட்டவணை ஒன்றுக்காகவே இந்தப் பகுதியை நான் மெச்சுவேன்.

ஆனால் இங்கேயே ஒரு படுகுழியும் உண்டு. உருமாற்ற முறைகளில், அதாவது படத்தை இழுத்துப் பொருத்தும் கணக்கு முறைகளில், முதல் வரிசைப் பல்லுறுப்பு முறைக்குக் குறைந்தது 3 புள்ளிகளும், இரண்டாம் வரிசைக்கு 6ம், மூன்றாம் வரிசைக்கு 10ம் தேவை. தின் பிளேட் ஸ்பிளைன் என்றொரு முறையும் இருக்கிறது. அது படத்தை ரப்பர்த் தாள் போல இழுத்து ஒவ்வொரு புள்ளியிலும் சரியாகப் பொருத்திவிடுவதால், எஞ்சிய பிழை ஏறக்குறைய பூஜ்யம் என்று காட்டும். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்து மகிழ்ந்து அதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். புள்ளியைத் தவறாக வைத்திருந்தாலும் பிழை பூஜ்யம் என்றே காட்டும் என்பதையும், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தெரு எந்தப் பக்கம் வளைந்ததோ அதற்கு அந்த எண் பொறுப்பேற்காது என்பதையும் மென்பொருள் ஒரு வரியில் எச்சரித்திருக்கலாம். எங்கள் அனுபவத்தில் நேர்த்தியாக அச்சிட்ட நகர வரைபடத்துக்கு முதல் வரிசையே போதும். மடிப்பும் கிழிசலும் உள்ள தாளுக்கு மட்டும் இரண்டாம் வரிசை.

பழைய நில அளவை வரைபடங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கான முதல் அடிக்கோட்டை 1802இல் நில அளவையாளர் லாம்ப்டன் அளந்தது இதே சென்னையில், பரங்கிமலைக்கு அருகில். அந்த மரபில் வந்த வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்னும் பழைய பூமி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜிபிஎஸ் கருவி டபிள்யூஜிஎஸ் 84 என்னும் வேறொரு கணக்கை அடிப்படையாகக் கொண்டது. ஓரத்தில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே இன்றைய அமைப்பில் இட்டால் நூறு மீட்டருக்கு மேல் இடம் தவறும். நூறு மீட்டர் என்பது வடசென்னையில் இரண்டு மூன்று தெரு. வரைபடத்தின் ஆயத்தொலை அமைப்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் மென்பொருளே மாற்றிக் கொடுக்கிறது; தேர்ந்தெடுக்காவிட்டால் வாய் திறக்காது.

நீளத்தையும் பரப்பையும் கணக்கிடும் முன் எல்லா லேயர்களையும் (வரைபடத்தின் தனித்தனி அடுக்குகளையும்) மீட்டரில் அளக்கும் ஆயத்தொலை அமைப்பான இபிஎஸ்ஜி 32644, அதாவது யுடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிவிடுவது எங்கள் குழுவின் கட்டாய விதி. சென்னைக்கு உரிய மண்டலம் அதுவே. அட்சரேகை, தீர்க்கரேகையில் உள்ள லேயருக்கு 500 என்று வட்டம் போட்டால் 500 மீட்டர் என்று அது எடுத்துக்கொள்ளாது, 500 பாகை என்றே எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது நேர அட்டவணைகளைத் தரவாக மாற்றுவது. இதில் மென்பொருளின் பங்கு குறைவு. தட்டச்சும் பொறுமையுமே அதிகம். பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972இல் உருவானது, 1994இல் வடசென்னைக்கென்று டாக்டர் அம்பேத்கர் பெயரில் தனிக் கழகம் பிரிந்தது, 2001இல் இரண்டும் சேர்ந்து மாநகரப் போக்குவரத்துக் கழகமாயின. இந்த மூன்று காலத்திலும் ஒரே நிறுத்தம் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். சில தாள்களில் ஊரின் பெயர் மட்டும், சில தாள்களில் அருகிலிருந்த திரையரங்கின் பெயர், சிலவற்றில் மூடப்பட்டுவிட்ட தொழிற்சாலையின் பெயர். அதனால் பெயரை வைத்து இணைக்காமல் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நாங்களே ஓர் எண் கொடுத்து, எல்லாப் பெயர்களையும் அந்த எண்ணின் கீழ்த் தனி அட்டவணையில் வைத்தோம். இரண்டு அட்டவணைகளையும் இணைக்கும் வசதியும், லேயர்களின் மேலேயே எஸ்கியூஎல் என்னும் தரவு வினவல் மொழியில் எழுத அனுமதிக்கும் விர்ச்சுவல் லேயர் வசதியும் இங்கே மிகவும் உதவின.

பெயர் தெரிந்தும் இடம் தெரியாத நிறுத்தங்கள் பல இருந்தன. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். திரையில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த ஸ்டாப்பிங் பாலத்துக்கு இந்தப் பக்கம். இறங்கி ஏறினா மூச்சு வாங்கும்னு சனங்க அந்தப் பக்கம் நிக்கவே மாட்டாங்க" என்று விரலால் தொட்டுக் காட்டினார். புள்ளியைப் பாலத்தின் மறுபக்கத்துக்கு நகர்த்தினோம். அந்த லேயரில் "யார் சொல்லி வைத்தது" என்றொரு புலத்தை (அட்டவணையின் ஒரு நெடுவரிசையை) சேர்த்தது அதன் பிறகுதான். அட்டவணையிலிருந்து வந்த இடம், வரைபடத்திலிருந்து வந்த இடம், நினைவிலிருந்து வந்த இடம் மூன்றும் ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது. புலத்தின் மதிப்புக்கேற்பப் புள்ளிக்கு நிறம் கொடுக்கும் வசதி மென்பொருளில் மிக எளிது. அதைப் பயன்படுத்தாத ஆய்வு வரைபடங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஷேப்ஃபைல் என்னும் பழைய கோப்பு வடிவத்தில் புலப் பெயருக்குப் பத்து இடங்களே உண்டு. யுடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று இடங்களைப் பிடித்துக்கொள்வதால் "நிறுத்தம்" என்ற சொல்கூட முழுதாக நுழையாது. ஜியோபேக்கேஜ் வடிவத்தில் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்ப் பெயர்கள் அப்படியே நிற்கின்றன, எல்லா லேயர்களும் ஒரே கோப்பில் அடங்குகின்றன. எக்செல் கோப்பை சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாக, மாற்றும்போதும் யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் திருவொற்றியூர் முழுவதும் கேள்விக்குறிகளாக வந்து இறங்கும்.

காலம் பற்றிய வசதிக்கு வருகிறேன். 3.14 பதிப்பில், 2020இல், டெம்போரல் கன்ட்ரோலர் என்னும் காலக் கட்டுப்பாட்டுப் பட்டை சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வழித்தடத்துக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று இரண்டு புலங்கள் வைத்துவிட்டால், பட்டையை நகர்த்தும்போது அந்தந்த ஆண்டில் இருந்தவை மட்டும் திரையில் நிற்கும். முடிவுத் தேதி காலியாக இருந்தால் இன்றும் தொடர்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. டிராம் தடம் 1953இல் மறைவதையும், 2019 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டை வரை வருவதையும், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீள்வதையும், அவற்றுக்கு நடுவே பேருந்துத் தடங்கள் இடம் மாறுவதையும் ஒரே ஓட்டத்தில் காண முடிகிறது. திருவொற்றியூரிலிருந்து திருவான்மியூர் செல்லும் 1ஆம் எண்ணையும், டோல்கேட்டிலிருந்து திருவான்மியூர் செல்லும் 6டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரே சாலையை எத்தனை வண்டிகள் நம்பியிருக்கின்றன என்பது கண்ணில் படுகிறது. வழித்தட எண் மாறாமல் பாதை மட்டும் மாறிய காலங்களைத் தனித்தனி வரிகளாகப் பிரித்து எழுதியிருந்தால் மட்டுமே இது சாத்தியம். பெரும்பாலோர் பழைய பாதையின் மேலேயே புதிய பாதையை எழுதி அழித்துவிடுகிறார்கள். அத்தோடு வரலாறும் போய்விடுகிறது.

ஆண்டுக் கணக்குக்கு இவ்வளவு நன்றாக இயங்கும் இப்பட்டை, மணிக் கணக்கில் ஓரிடத்தில் தடுமாறுகிறது. இன்றைய பொதுப் போக்குவரத்து அட்டவணைகளுக்கு உரிய ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில், நள்ளிரவைத் தாண்டி ஓடும் கடைசி நடையின் நேரத்தை 25:10:00 (அதிகாலை 1:10) என்று எழுதுவது முறையானது. அது முந்தைய நாளின் சேவையைச் சேர்ந்தது என்பதே அதன் பொருள். கியூஜிஐஎஸ் அதை நேரமாக ஏற்காது, வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். இரவுப் பணி முடிந்து மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் திரும்புபவர்களுக்கு இருந்த கடைசி வண்டி எது என்பதே எங்களுடைய முக்கியமான கேள்விகளில் ஒன்று. அந்த வரிகளே வரைபடத்தில் காணாமல் போகின்றன. சேவை நாளோடு நிமிடங்களைக் கூட்டிப் புதிய நேரப் புலம் ஒன்றைக் கணக்கிட்டு இதைச் சரிசெய்யலாம். ஆனால் காணாமல் போனது என்பதை முதலில் யாராவது கவனிக்க வேண்டும்.

இந்த மென்பொருளுக்கு நான் மிக உயர்ந்த மதிப்பெண் கொடுப்பது சாலைகளின் இணைப்பை ஆராயும் அதன் வலையமைப்புப் பகுப்பாய்வுக் கருவிகளுக்கே. ஒரு பேருந்து நிறுத்தம் எவ்வளவு பேருக்குப் பயன்படுகிறது என்பதைச் சொல்ல, நிறுத்தத்தைச் சுற்றி 400 அல்லது 500 மீட்டர் வட்டம் போட்டு, உள்ளே விழும் வீடுகளை எண்ணுவது அறிக்கைகளில் வழக்கமாகிவிட்டது. வடசென்னையில் இந்த வட்டம் உண்மைக்குப் புறம்பானது. ஊரை வடக்கு தெற்காக ரயில் பாதைகள் வெட்டுகின்றன; பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டுகிறது; துறைமுகச் சுவரும் தொழிற்சாலை மதில்களும் வெட்டுகின்றன. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அருகே ஒரு நிறுத்தத்தை எடுத்துக்கொண்டு வட்டம் போட்டால், தண்டவாளத்துக்கு மறுபக்கம் உள்ள தெருக்களும் உள்ளே வந்துவிடும். அந்தத் தெருவில் இருப்பவர் பேருந்து போவதைக் காதால் கேட்கலாம். ஏறுவதற்கு, கேட் வரைக்கும் நடந்து, கேட் திறக்கக் காத்திருந்து, திரும்ப நடந்து வர வேண்டும்.

சர்வீஸ் ஏரியா என்னும் கருவி வட்டம் போடாது. சாலைகளின் லேயரைக் கொடுத்தால், நிறுத்தத்திலிருந்து சாலை வழியாகவே 500 மீட்டர் வரை எங்கெல்லாம் போக முடியுமோ அந்தச் சாலைத் துண்டுகளை மட்டும் கோடுகளாகத் தருகிறது. வட்டத்தையும் இந்தக் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த படத்தை எங்கள் பகுதிக் கூட்டத்தில் காட்டினோம். எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. தண்டவாளத்தின் ஒரு பக்கம் கோடுகள் கிளை விரித்திருந்தன, மறுபக்கம் வட்டத்துக்குள் வெறுமை.

கேட்டில் நிற்கும் நேரத்தையும் இதில் சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கருவியில் குறுகிய பாதை, விரைவான பாதை என்று இரண்டு வகை உண்டு. விரைவான பாதையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் வேகம் ஒன்றைப் புலமாகக் கொடுத்தால், அது தூரத்தை விட்டு நேரத்தைக் கணக்கில் எடுக்கும். கேட்டைக் கடக்கும் துண்டு 20 மீட்டர் நீளம் என்றும், அங்கே சராசரியாகப் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், அந்தத் துண்டின் வேகம் நிமிடத்துக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு 0.12 கிலோமீட்டர். அந்த எண்ணை இட்டுவிட்டால் கேட் மூடிய நேரத்தின் பயணப் பரப்பும் திறந்த நேரத்தின் பயணப் பரப்பும் தனித்தனியாகக் கிடைக்கும். மற்ற சாலைகளுக்கு நடைவேகமாக மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டரைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் கருவியில் ஏற்கெனவே இருக்கும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். பயணச் செலவையும் நிமிடத்தில் கேட்காது, மணியில் கேட்கும். பத்து நிமிடத்தை 10 என்று இட்டால், பத்து மணி நேரத்தில் காரில் போகக்கூடிய தூரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு நிற்கும்.

சாலை லேயரின் தரமும் இதில் முக்கியம். நாங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சாலைகளை அடிப்படையாக எடுத்து, பழைய ஆண்டுகளுக்கு வேண்டியவற்றைக் கையால் திருத்தினோம். கையால் வரையும்போது இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டு கோடுகளுக்கும் பொதுவான முனை ஒன்று இருக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றையொன்று வெட்டுவது போலத் தெரிந்தாலும், பொது முனை இல்லாவிட்டால் கருவி அவற்றை இணைந்தவையாகக் கொள்ளாது. மேம்பாலத்துக்கு இது வசதி: மேலே போகும் சாலையும் கீழே போகும் சாலையும் தாமாகவே பிரிந்து நிற்கும். பாலம் கட்டுவதற்கு முன் அங்கே இருந்த லெவல் கிராசிங்கை மீட்டு வரையும்போதோ பொது முனையை நாமே வைக்க வேண்டும். நடைபாலங்களையும் தண்டவாளத்தின் குறுக்கே மக்கள் காலால் போட்ட ஒற்றையடிப் பாதைகளையும் சேர்ப்பதா என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ஒற்றையடிப் பாதையைச் சேர்த்தால் ஆபத்தான கடப்பைச் சேவை என்று கணக்கிடுவதாகிவிடும். சேர்க்காவிட்டால் மக்கள் உண்மையில் நடக்கும் வழியை மறைத்ததாகிவிடும். இரண்டு விதமாகவும் கணக்கிட்டு இரண்டையும் காட்டுவதே நேர்மை என்று முடிவு செய்தோம்.

ஜிபிஎஸ் பதிவுகளில் அனுபவம் கலந்தே இருந்தது. பதிவுகளைப் புள்ளிகளாக ஏற்றி, பாயிண்ட்ஸ் டு பாத் கருவியால் பாதையாக்கலாம். வண்டி எண், நாள், நடை மூன்றையும் சேர்த்துக் குழுவாக்கச் சொல்லாவிட்டால் எல்லா வண்டிகளின் புள்ளிகளும் ஒரே கோடாகப் பின்னிக்கொள்ளும். பாரிமுனையின் நெருக்கமான தெருக்களில் புள்ளிகள் சாலையை விட்டு விலகிக் கட்டடங்களின் மேல் விழுகின்றன. அவற்றைச் சாலையோடு பொருத்தும் வசதி மென்பொருளோடு வருவதில்லை, பிளக்-இன் என்னும் துணைநிரலைத் தேட வேண்டும். பெரிய சிஎஸ்வி கோப்பை நேரடியாகத் திறந்தால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் திரை உறைந்து நிற்கிறது. ஜியோபேக்கேஜாக மாற்றி இட அட்டவணைக் குறியீடு (இடத்தை வைத்து விரைவாகத் தேட உதவுவது) போட்டபின் வேகம் திரும்புகிறது. பழைய பதிவுகளைப் படிக்கும்போது அந்தக் காலத்தில் சாலை எப்படி இருந்தது என்பதையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். மெட்ரோ விரிவாக்கப் பணிக்காகத் திருவொற்றியூர் நெடுஞ்சாலை தோண்டப்பட்டிருந்த ஆண்டுகளின் வேகத்தை எடுத்து, பேருந்து எப்போதுமே இவ்வளவு மெதுவாகத்தான் ஓடும் என்று எழுதினால் அது பிழை. இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும்: டிரிப் ஷீட்டில் ஓட்டுநர், கண்டக்டர் ஆகியோரின் பணி எண்கள் இருக்கும். ஆய்வுக்கு அவை தேவையில்லை. கணினியில் ஏற்றும் முன்பே நீக்கிவிட வேண்டும். ஒருவர் என்றோ தாமதமாக ஓட்டிய ஒரு நடை, வரைபடத்தில் அவர் பெயரோடு நிற்க எந்த நியாயமும் இல்லை.

மக்கள்தொகையோடு ஒப்பிடும் இடத்தில் மென்பொருள் சரியாக இருந்தும் விடை தவறாகும் வாய்ப்பு அதிகம். 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் முதலியவை சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. 155 வார்டுகள் 200 ஆயின, பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அதற்கு முந்தைய வார்டின் மக்கள்தொகையைப் பிந்தைய எல்லைக்குப் பிரித்துக்கொடுக்க, இரண்டு எல்லைகளையும் வெட்டி, பரப்பு விகிதத்தில் பகிர்வது எளிய முறை. இன்டர்செக்ஷன் கருவி அதை நொடியில் செய்துவிடும். ஆனால் மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் மிகப் பெரிய நிலத்தைப் பிடித்திருக்கின்றன. பரப்பு விகிதம் என்றால், அந்த ஆலை வளாகங்களுக்குள்ளும் குடும்பங்கள் வாழ்வதாகக் கணக்கு வரும். எதிரே நெருக்கமாக வாழும் குடியிருப்புகளின் எண்ணிக்கை குறையும். அங்கே பேருந்து போதும் என்று அறிக்கை சொல்லும். குடியிருப்புப் பரப்பைத் தனி லேயராக வரைந்து, ஆலைகளையும் கிடங்குகளையும் தண்டவாள யார்டுகளையும் கழித்துவிட்டுப் பிறகுதான் பகிர வேண்டும். நாங்கள் செயற்கைக்கோள் படத்தின் மேல் கையால் வரைந்தோம். நேரம் பிடித்த வேலை, ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு வடசென்னையைப் பற்றி எதையும் சொல்லக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

மாற்று மென்பொருள்களையும் பார்த்தோம். ஆர்க்ஜிஐஎஸ் புரோ வலையமைப்புப் பகுப்பாய்வில் இன்னும் விரிவானது. ஒருவழிப் பாதை, திரும்பத் தடை ஆகியவற்றை நுட்பமாகக் கையாளுகிறது. உரிமக் கட்டணம் கட்டும் நிறுவனத்துக்கு அது ஏற்றது, குடியிருப்போர் குழுவுக்கு எட்டாது. கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசம். பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வாரியாகப் பார்க்க அதைவிட எளிதானது இல்லை, ஆகையால் நிறுத்தத்தின் இடத்தைச் சரிபார்க்க இரண்டையும் அருகருகே திறந்து வைத்துக்கொள்கிறோம். ஆராயும் வேலைக்கு அது உதவாது. உலாவியில் இயங்கும் கெப்ளர், வண்டிகளின் ஓட்டத்தை அசைபடமாகக் காட்டுவதில் கியூஜிஐஎஸ்ஸைவிட அழகு. கூட்டத்தில் காட்ட மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

உதவி கிடைப்பதில் குறையில்லை. கையேடு விரிவானது, பயிற்சித் தரவோடு கூடிய பாடங்கள் இலவசம். ஆனால் அப்பாடங்களின் எடுத்துக்காட்டுகள் வேறு நாட்டு ஊர்களைப் பற்றியவை. கல்லூரியில் ஜிஐஎஸ் படிக்காத ஒருவர் அவற்றை முடித்துவிட்டுத் தம் தெருவின் பேருந்துத் தாளை எடுக்கும்போது எங்கே தொடங்குவது என்று திகைக்கிறார். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் பத்து நிறுத்தங்கள் உள்ள ஒரே வழித்தடத்தைக் கொடுத்து, தட்டச்சு முதல் சர்வீஸ் ஏரியா வரை அவர்களையே செய்யவைக்கிறோம். வெட்டி ஒட்டிய மாதிரித் தரவைவிட, தாம் தினமும் ஏறும் வண்டியின் தரவில் தவறு உடனே கண்ணில் படுகிறது.

எங்களுக்கு நேர்ந்த பெரிய தடை மென்பொருளால் வந்ததன்று. வாகனக் கணக்கெடுப்பு விவரம் கேட்டு விண்ணப்பித்தபோது, ஓர் அலுவலகம் கணினியில் தயாரித்த அட்டவணையையே அச்சிட்டு, முத்திரை வைத்து, அதைச் சாய்வாக ஸ்கேன் செய்து படமாக அனுப்பியது. எண்களாக இருந்தவை மீண்டும் எண்களாவதற்கு எங்கள் இளைஞர்களின் மாலைகள் செலவாயின. சந்திப்பின் பெயர் இருந்தது, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு என்பது இல்லை; ஒரு நாற்சந்தியில் திசை இல்லாத எண்ணிக்கையை எந்தச் சாலையின் மேலும் ஏற்ற முடியாது. தரவை வைத்திருக்கும் அலுவலர்கள் சிஎஸ்வி கோப்பும், ஒவ்வொரு புலமும் எதைக் குறிக்கிறது என்று அரைப்பக்க விளக்கமும் கொடுத்தால், எங்களைப் போன்ற குழுக்களின் உழைப்பில் பெரும்பகுதி மிச்சமாகும்.

அடுத்ததாக எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற நேரங்களைப் பழைய கணக்கெடுப்புகளிலிருந்து எடுத்து, அதே நேரங்களில் அந்தச் சாலைகளில் ஓடிய பேருந்துகளின் அட்டவணையோடு பொருத்திப் பார்க்கவிருக்கிறோம். அதற்கும் இதே மென்பொருளைத்தான் பயன்படுத்துவோம். இதே பதிப்பைத்தான், வேலை முடியும் வரை.